தியானத்தோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பௌத்தத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று யார் எழுதினாலும் கடைசியில் அது தியானத்தில்தான் போய் நிற்கிறது. 1979இல் ஜான் கபாட்-ஸின் என்ற அமெரிக்கர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மன அழுத்தத்தைக் குறைக்கும் தியானப் பயிற்சியாகத் தொடங்கியது, இன்று மருத்துவமனை, அலுவலகம், கைபேசிச் செயலி என்று எங்கும் வந்துவிட்டது. அது பலருக்கு உதவுகிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் துன்பம் நீங்கப் புத்தர் சொன்ன எட்டு அங்கங்கள் கொண்ட எண்வழிப் பாதையில் விழிப்புணர்வும் மன ஒருமையும் 7ஆவது, 8ஆவது. பேச்சு 3ஆவதாகவே வந்துவிடுகிறது. அதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்?

கண்ணை மூடி உட்காருவது ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான், மீதி நேரமெல்லாம் பேசிக்கொண்டோ தட்டச்சு செய்துகொண்டோ இருக்கிறோம். மணிமேகலை சொல்லால் வரும் தீவினைகளை நான்காகப் பிரிக்கிறது: "பொய்யே குறளை கடுஞ்சொல் பயனில்சொல்". குறளை என்றால் கோள். சரிபார்க்காமல் அனுப்பும் வதந்தி, ஒரு குழுவில் சொன்னதைப் படம் பிடித்து இன்னொரு குழுவில் போடுவது, முகம் தெரியாதவரைத் திட்டுவது, ஓயாத வெட்டி அரட்டை என்று இன்றைய கைபேசியில் நடக்கிற அத்தனையும் இந்த நான்குக்குள் வந்துவிடுகின்றன.

அப்படியென்றால் எப்போதும் இனிக்க இனிக்கத்தான் பேச வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். இதே கேள்வியோடுதான் அபயன் என்ற இளவரசன் புத்தரிடம் வந்தான், பிறருக்குப் பிடிக்காததை நீங்கள் பேசுவீர்களா என்று. அவன் மடியில் ஒரு குழந்தை இருந்தது. இது குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் திருப்பிக் கேட்டார். ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், குழந்தை மேல் எனக்கு இரக்கம் உண்டு என்றான் அபயன். உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால் கசப்பானதையும் சொல்லலாம், ஆனால் அதற்கான நேரம் அறிந்து சொல்ல வேண்டும் என்பதுதான் புத்தர் அவனுக்குத் தந்த விளக்கம். நாம் இணையத்தில் ஒருவரைத் திருத்தும்போது உண்மை பெரும்பாலும் நம் பக்கம் இருக்கிறது, இரக்கம்தான் இருப்பதில்லை. பத்துப் பேர் பார்க்கும்படி திருத்துவதற்கும் தனியாக ஒரு செய்தி அனுப்புவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அப்புறம், தன் மகன் ராகுலனுக்குப் புத்தர் சொன்னது. ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்னும், சொல்லும்போதும், சொன்ன பிறகும் இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று யோசி என்றார். வாய்விட்டுச் சண்டை போடும்போது இது கடினம். எழுதுகிறவருக்கு அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த அவகாசம் கையிலேயே இருக்கிறது.

தியானம் பற்றிய கட்டுரைகள் தொடரட்டும். கூடவே அதே எண்வழிப் பாதையில் உள்ள பேச்சு, பிழைப்பு பற்றிப் பௌத்தம் சொல்வதையும், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற பக்கங்களில், எளிய தமிழில் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்