தாதாவுக்கு அம்மா எழுதறது

கண்ணு கலா,

தான்சானியாவுல உன் வூட்டுல இருந்து கெளம்பி நல்லபடியா வந்து சேந்ததை அன்னிக்கே ஃபோன்ல சொல்லிட்டேன், ஆனா ஃபோன்ல நீ ம் ம்னுவ, பின்னாடி பசங்க கத்தும், உங்களுக்கு கரண்ட் போயிடும், நான் சொல்ல வந்தது பாதியில நின்னுடும். அதான் உக்காந்து டைப் பண்றேன். வாய்ஸ் மெசேஜ் போட வேண்டியது தானன்னு அப்பா கேக்கறாரு. போட்டா குரல் உடைஞ்சிடும், வேணாம்.

முதல்ல அந்த வீல்சேருக்கு உன்னை திட்டிக்கறேன். காசிமேட்டுல விடியக்காலம் 3 மணிக்கு கூடைய தூக்கிகினு ஏலத்துல முட்டி மோதி நின்னவ நான், இங்கிலீஷ் தெரியாதுன்ற ஒரே காரணத்துக்கு கால் வராதவ மாதிரி என்னை உக்கார வெச்சி துபாய்ல ஒரு பையன் தள்ளிகினு போறான், எனக்கு எழுந்து நடக்கவும் பயம், உக்காந்திருக்கவும் வெக்கம். ஆனா பொய் சொல்லக்கூடாது, அவன் மட்டும் இல்லனா இன்னும் துபாய்லயே சுத்திகினு இருப்பேன்.

தெருவுல எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி தான், சிங்கம் பாத்தியான்னு. பாக்கலன்னா அப்ப எதுக்கு ஆப்பிரிக்கா போனன்றாங்க. சிங்கம் இருக்கற செரெங்கெட்டி உங்க ஊருக்கு கிட்ட தான் (உங்க ஊருன்னு எனக்கே வாய்ல வந்துடுச்சி பாரு), உள்ள போக டாலர்ல காசு கேக்கறாங்க, அந்த காசுக்கு ரெண்டு வாரம் மீன் வாங்கலாம்னு நான் தான் வேணாம்னேன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. நான் பாத்ததெல்லாம் மனுஷங்கள தான். என்னை மாமா கலா மாமா கலான்னு கூப்ட்டாங்களே, அதை சொன்னதும் எதிர் வூட்டு ஆயா அரை மணி நேரம் சிரிச்சிது. அங்க மாமான்னா அம்மா, மூத்த புள்ள பேரை சேத்து தான் கூப்புடுவாங்கன்னு சொல்றதுக்குள்ள உன்னை தாதான்றாங்க, மாப்ளைய காக்கான்றாங்கன்னு வேற சொல்ட்டேன். வடசென்னைன்னாலே தாதா ரவுடின்னு சினிமாக்காரன் முத்திரை குத்தி வெச்சிருக்கான், அதுக்காகவா கடல் தாண்டி போய் தாதாவா ஆவணும்னு அப்பா கேக்கறாரு. தாதான்னா அக்கா, காக்கான்னா அண்ணன்னு சொன்னா காதுலயே வாங்கல.

நீங்க போன கோவத்தோட தான் நான் வந்தேன், அது உனக்கு தெரியும். கேட்டுல நின்னு நான் சொன்ன வார்த்தை உனக்கும் மறந்திருக்காது. ரெண்டு பேரும் நல்ல வேலைய வுட்டுட்டு, சம்பளம்னு சொல்ல முடியாத ஒரு படிக்காசுக்கு, ஊரான் புள்ளைக்கு பாடம் சொல்லித்தரேன் ஊரான் ஆஸ்பத்திரி மெஷினை ரிப்பேர் பண்றேன்னு கெளம்புனா எந்த தாய்க்கு வயிறு எரியாது? தொண்டையார்பேட்டையில இல்லாத ஏழையான்னு கேட்டேன். இப்பவும் கேப்பேன், அந்த கேள்விய நான் வாபஸ் வாங்கல.

பிரயாணத்தை பத்தி அப்பாவுக்கு தான் ஆசையா சொன்னேன். தாருஸ்ஸலாம்ல இருந்து டோடோமா வரைக்கும் அந்த கரண்ட் ரயில், 2024ல தான் விட்டாங்கன்னு மாப்ள சொன்னாரே, மூணரை மணி நேரத்துல கொண்டாந்து வுட்டுச்சின்னேன். உடனே நம்ம ராயபுரம் ஸ்டேஷன் 1856ல தெறந்தது தெரியுமான்னு ஆரம்பிச்சிட்டாரு. அதுக்கு மேல உங்க முவான்சா வரைக்கும் பஸ்ல நான் பட்ட பாட்டை கேக்கவே இல்ல. நடுவுல ஜன்னல்ல வித்தாங்களே அந்த செவப்பு மிட்டாய், உபுயு, ஆனைப்புளிய மரத்து கொட்டைன்னு சொன்னியே, வாயில போட்டதும் ஸ்கூல் வாசல்ல விக்கிற எலந்த வடை ஞாபகம் வந்துடுச்சி எனக்கு. ரெண்டு பாக்கெட் கொண்டாந்தேன், தெரு புள்ளைங்க ஒரே நாள்ல முடிச்சிட்டு நாக்கை நாக்கை நீட்டி காட்டிகினு திரியுதுங்க. ஆட்டோவுக்கு அங்க பேரே பஜாஜி தான்னு சொன்னா நம்ம ஸ்டாண்ட் பசங்களுக்கு ஒரே பெருமை.

டைம் விஷயத்துல தான் ஏமாந்தேன். பக்கத்து வூட்டு மாமா நாலு மணிக்கு டீக்கு வாங்கன்னு கூப்ட்டாங்கன்னு மாப்ள வாய்தவறி அப்படியே சொல்ட்டு போய்ட்டாரு, நான் மத்தியானம் தூங்கி எழுந்து சாயங்காலம் பொடவை மாத்திகினு போய் நின்னா அந்தம்மா பாத்திரம் கழுவிகினு இருக்காங்க. அவங்க நாலு நமக்கு காலையில 10. பொழுது விடிஞ்சதுல இருந்து கணக்கு, நம்ம 7 மணி அவங்களுக்கு 1 மணி. அப்பறம் யோசிச்சா நம்ம தாத்தா காலத்து நாழிகை கணக்கும் சூரியன் வந்ததுல இருந்து தான ஆரம்பிக்கும். போன வருஷம் நீங்களும் இதே கூத்துல பஸ்ஸை வுட்டீங்கன்னு கேட்டதும் தான் எனக்கு மனசு ஆறுச்சி.

மீனுக்கு வரேன். விக்டோரியா ஏரின்னு நீ சொல்லும்போது செங்குன்றம் ஏரி மாதிரி இருக்கும்னு நெனச்சிகினு வந்தேன், நம்ம தமிழ்நாட்டுல பாதிக்கு மேல இருக்கும் அந்த ஒரு ஏரின்னு மாப்ள சொன்ன அப்பறம் தான் வாயை மூடினேன். ஏன் உப்பு வாசனையே இல்லன்னு ரெண்டு நாள் மூக்கு தேடிச்சி. தண்ணிய பாத்ததும் கால் நனைக்கலாம்னு எறங்கினேன், நீ அந்த கத்து கத்துற, நத்தையில இருந்து புழு தோல் வழியா உள்ள போயிடுமாம், கிச்சோச்சோவோ என்னவோ. காசிமேட்டுக்காரிய தண்ணில கால் வெக்காதன்னு சொன்ன மொத ஆளு நீ தான்.

மார்க்கெட்ல சங்கரா சங்கரான்னு கூவறாங்க, நானும் நம்ம செவப்பு சங்கரா தான் வந்திருக்குன்னு ஓடிப் போய் பாத்தா ஆளு உசரத்துக்கு ஒரு பூதம் கெடக்குது. சங்காரான்னு சொல்றாங்க, அந்த ஏரி மீனே இல்லையாம், வெள்ளைக்காரன் காலத்துல 1950களை ஒட்டி கொண்டாந்து வுட்டது, இருந்த சின்ன மீனையெல்லாம் தின்னு தீத்துடுச்சாம். நல்ல சதைய அறுத்து ஐஸ் போட்டு வெளிநாடு அனுப்பறாங்க, தலையும் முள்ளும் ஊர்க்காரனுக்கு. நம்மூர் எறால் கதை தான். அந்த தலைய நான் குழம்பு வெச்சது எப்படி இருந்துச்சின்னு நீ இன்னும் ஒழுங்கா சொல்லல, மாப்ள மூணு தடவை போட்டுகினாரு.

அதை வுடு, டகா தான் என் மீன். நம்ம நெத்திலி மாதிரி பொடிசு, வெள்ளி மாதிரி மின்னும். நெலா இல்லாத ராத்திரில விளக்கை வெச்சிகினு போறாங்களே, உங்க திண்ணைல உக்காந்து பாத்தா தண்ணிக்கு மேல எண்ணூர் ரோடு மாதிரி வரிசையா வெளிச்சம். பௌர்ணமி வந்தா வலைய மடிச்சி வெச்சிட்டு தூங்கறாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடை, அவங்களுக்கு மாசாமாசம் நெலாவே தடை போடுது.

மறுநாள் காலையில கரைக்கு போனா பொம்பளைங்க மீனை அப்படியே மணல்ல கொட்டி பரப்பிகினு இருக்காங்க. எனக்கு பொறுக்கல. மணலோட காஞ்சா கருவாட்டை யாரு தின்றது, வலைய விரிச்சி போடுங்கன்னு நான் தமிழ்ல கத்தறேன், கைய ஆட்டறேன், நாப்பது வருஷம் கருவாடு காய வெச்சவ சொல்றேன்னு நெஞ்சுல தட்டிக்கறேன். பக்கத்து வூட்டு மாமா ஒன்னும் பேசாம என் கைய புடிச்சி பாறைக்கு அந்தாண்ட இஸ்துகினு போச்சி. அங்க இடுப்பு உசரத்துக்கு கட்டையில பந்தல் மாதிரி கட்டி, மேல வலைய இழுத்து, அது மேல டகா ஒன்னு மேல ஒன்னு படாம காயுது. மணல்ல காயறது கோழி தீவனத்துக்கு, இது சாப்பாட்டுக்கு, வெலை வேற வேற. அந்தம்மா கோழி மாதிரி கொக்கரிச்சி காட்டி, அப்பறம் வாயில போட்டு மெல்லற மாதிரி காட்டி தான் எனக்கு புரிய வெச்சிது. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரல. வந்து மூணாவது நாளே நான் பாடம் எடுக்க கெளம்பிட்டேன் பாரு.

உங்களையும் அப்படித்தான் பாத்தேன் கண்ணு, தப்பா எடுத்துக்காத. சேவை பண்ண போறோம்னு சொன்னீங்க. வந்து பாத்தா கரி அடுப்பு பத்த வெக்க அவங்க சொல்லிக்குடுத்திருக்காங்க, மழைத்தண்ணி புடிக்க சொல்லிக்குடுத்திருக்காங்க, கீரை அவங்க தோட்டத்துல இருந்து வருது, உன்னை அந்த ஊரு தான் வளத்துகினு இருக்கு.

அந்த காய்ச்சலை ஏன் மறைச்ச? நீ ஸ்கூலுக்கு போன அன்னிக்கு அந்தம்மா தான் நடிச்சி காட்டிச்சி. உன் ஃபோட்டோவ தொட்டு காட்டி, பல்லை கடிச்சிகினு ஒடம்பை உதறி, கொசு மாதிரி கைல கிள்ளி, மூணு நாள் ஆறு வேளை மாத்திரைன்னு வெரலை மடக்கி எண்ணி, அப்பறம் உள்ள போய் ஒரு சட்டியை கொண்டாந்து மோந்து பாக்க சொல்லிச்சி. உஜி. கேழ்வரகு கூழ் கலா, நம்ம ஆடி மாசத்து கூழ், வெங்காயம் தான் இல்ல. கேழ்வரகே அந்த பக்கத்துல இருந்து தான் நம்மூருக்கு வந்ததுன்னு மாப்ள அப்பறம் சொன்னாரு. அந்தம்மா ராத்திரி முழுக்க உக்காந்து உனக்கு ஊட்டியிருக்கு, அதே வாரம் நான் ஃபோன்ல உன்கிட்ட ஏன் மொகம் வாடி இருக்கு, சாப்பிடறியா இல்லையான்னு கத்திகினு இருந்திருக்கேன். நீ வெய்யில்மான்னு சொன்ன. நான் அந்த சட்டிய புடிச்சிகினு அழுதுட்டேன், அது என் முதுகை தடவி போலே, போலேன்னிச்சி, அவங்க பாஷைல ஆறுதல் சொல்றது. இன்னொரு தடவை மறைச்சன்னா நான் நேரா அந்தம்மாவுக்கு தான் ஃபோன் பண்ணுவேன், பாஷை இல்லன்னாலும் எங்களுக்கு பேச தெரியும்.

நான் சொல்லாம வந்த ஒன்னு இருக்கு. என் ஹேண்ட்பேக் சைடு ஜிப்புல ரெண்டு பேப்பர் இருந்துச்சி, டீச்சர் பரீட்சை நோட்டீஸ், நெட் சென்டர்ல ப்ரிண்ட் எடுத்தது. உன்னை உக்கார வெச்சி பேசி கையெழுத்து வாங்கி கையோட இஸ்துகினு வரணும்னு தான் ப்ளான். ஒரு சாயங்காலம் எடுக்கலாம்னு தான் மாமரத்தடிக்கு வந்தேன். நீ பலகைல ஒரே வார்த்தைய ரெண்டா எழுதிகினு இருந்த, மேல அவங்க பாஷைல உசானிசினூரு, கீழ இங்கிலீஷ்ல ஃபோட்டோசிந்தெசிஸ். ஏழாங்கிளாஸ் வரைக்கும் அவங்க பாஷைல படிச்ச புள்ளைங்க, பெரிய ஸ்கூல் போனதும் எல்லாமே இங்கிலீஷ்னு நீ சொன்னது அப்ப தான் எனக்கு ஒறைச்சிது. நூருன்னா வெளிச்சம்னு ஒரு பொண்ணு எழுந்து சொல்லிச்சி. நம்ம பாய் வூட்டு பொண்ணுங்களுக்கு வெக்கிற பேரு.

காலேஜ் மொத மாசம் நீ வந்து வாசப்படில செருப்பை கூட கழட்டாம உக்காந்து, ஒளிச்சேர்க்கை எனக்கு தெரியும்மா, அதையே தான் கேட்டாங்க, ஆனா அது தான்னு எனக்கு தெரியலன்னு அழுதியே. அன்னிக்கு நான் மீன் கூடைய எறக்கி வெச்சிட்டு உன்னை பாத்துகினு நின்னேன், என்ன சொல்றதுன்னு தெரியல.

பேப்பரை எடுக்கல. திரும்ப ஜிப்பை மூடிட்டு அந்த புள்ளைங்க பின்னாடி போய் உக்காந்துகினேன். நீ பாத்த, ஏம்மா வந்தன்னு கேட்ட, சும்மான்னேன்.

எப்ப வரன்னு இனிமே கேக்க மாட்டேன்னு நெனைக்காத. கேப்பேன். வாரத்துக்கு ஒரு தடவை கேப்பேன்.

மிக்ஸிய சும்மா வெச்சிருக்காத, ப்ளக் தான் சேரல, அந்த சதுர மூணு கால் ப்ளக்கை வாங்கி மாத்திக்க சொல்லு மாப்ளைய, குழந்தைய சூடா வெக்கிற மெஷினையே ஓட வெச்ச மனுஷனுக்கு இது ஒரு வேலையா. ஒரு கிலோ நெத்திலி கருவாடு தனியா எடுத்து வெச்சிருக்கேன், யாராவது அந்த பக்கம் வந்தா குடுத்து வுடறேன், பக்கத்து வூட்டு மாமாவுக்கு. வலைல காய வெச்சதுன்னு மறக்காம சொல்லு.

பையை காலி பண்ணும்போது அந்த பேப்பர் அப்பா கைல மாட்டிகிச்சி. என்னதுன்னு கேட்டாரு, ஒன்னுமில்லன்னேன். இப்ப பின்பக்கத்துல பால் கணக்கு எழுதிகினு இருக்காரு.

அம்மா