நம் சேகர வேதாகமச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

சபையாருக்கும் சங்க அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், மாதக் கூட்டங்களும் வழக்கம்போல நடந்தன. அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதியை லெப்சா மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் வேலைக்கே ஒதுக்குகிறேன். இந்த ஆண்டு நம் ஜெபமும் காணிக்கையும் அங்கேதான் போயின.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: லெப்சா என்பது சிக்கிமிலும் டார்ஜிலிங், கலிம்போங் மலைகளிலும் பேசப்படும் திபெத்திய-பர்மிய மொழி. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 50,000-க்கும் குறைவு. சொந்த எழுத்து இருக்கிறது, 2008 முதல் யூனிகோடிலும் இருக்கிறது. வேத வேலையும் நேற்று தொடங்கியதல்ல, 1840களிலேயே மத்தேயு சுவிசேஷமும் ஆதியாகமமும் லெப்சாவில் கல்கத்தாவில் அச்சாகிவிட்டன. இவ்வளவு முன்னாலேயே தொடங்கியும், இன்று மலையில் கடைத்தெரு, பள்ளிக்கூடம், பல வீடுகளின் அடுப்பங்கரை வரைக்கும் நேபாளிதான்.

இதை வைத்துத்தான் கமிட்டியில் ஒரு கேள்வி வந்தது. "எல்லாருக்கும் நேபாளி தெரியுமே, நேபாளியில் முழு வேதாகமம் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?" நியாயமான கேள்விதான், அன்று நேரமில்லாததால் பதிலை இங்கே எழுதுகிறேன். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது நம் கடற்கரை ஊர்களில் போர்த்துகீசியம் ஓரளவு பொதுமொழியாக இருந்தது, அவரும் அதைக் கற்றுப் பயன்படுத்தினார். அதுவே போதும் என்று அவர் நிறுத்தியிருந்தால் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்திருக்காது. சந்தையில் பேசத் தெரிந்த மொழி வேறு, துக்க வீட்டில் ஜெபிக்கும் மொழி வேறு. நம் பாட்டிமார் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொன்னது தமிழில் இருந்ததால்தானே!

வேலை ஏன் மெதுவாகப் போகிறது என்றும் பலர் கேட்டார்கள். ஒரு அதிகாரத்தை மொழிபெயர்த்த கையோடு அச்சுக்கு அனுப்ப முடியாது. முதல் வரைவை ஊர் ஊராக வாசித்துக் காட்டுவார்கள், கேட்டவர்கள் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அர்த்தம் மாறியிருந்தால் திருத்தம். பிறகு மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை நேபாளிக்கோ ஆங்கிலத்துக்கோ திருப்பிப் பெயர்ப்பார், அதை வைத்து எபிரெயமும் கிரேக்கமும் படித்த ஆலோசகர் வரிவரியாகக் கேள்வி கேட்பார். வாசித்துக் காட்டும் இடங்களில் முக்கியமானது வடக்கு சிக்கிமின் ஜோங்கு, லெப்சாக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி, மொழி அங்கேதான் கலப்பு குறைவாக இருக்கிறது. அங்குள்ள பெரியவர்களில் பலர் பௌத்தர்கள். அவர்கள் நேரம் ஒதுக்கி உட்கார்ந்து, "எங்கள் ஆட்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள்" என்று பொறுமையாகத் திருத்திக் கொடுக்கிறார்கள். இந்தப் பெருந்தன்மைக்கு நம் சங்கத்தின் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

2023 அக்டோபர் 4 அதிகாலையில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, சுங்தாங் அணையையும் உடைத்துக்கொண்டு தீஸ்தா ஆற்றில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜோங்குவுக்குப் போகும் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன, வாசிப்புச் சோதனையும் அத்தோடு நின்றது. அச்சுக்கென்று எடுத்து வைத்த தொகையில் ஒரு பகுதியை அரிசிக்கும் போர்வைக்கும் அனுப்பலாமா என்று அங்கிருந்து கேட்டார்கள், கமிட்டி ஒரே மனதாக சரி என்றது. வயிற்றுக்கு இல்லாதபோது அச்சு காத்திருக்கட்டும். இது விதிப்படி சரியா என்று சந்தேகம் உள்ளவர்கள் பொதுக்குழுவில் தாராளமாகக் கேட்கலாம், தீர்மானப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது.

வரும் ஆண்டில் முதல் வேலை ஒலிப்பதிவு. இளையவர்களில் பலருக்கு லெப்சா காதுக்குப் புரிகிறது, ஆனால் எழுத்தை வாசிக்க வராது. அச்சுப் புத்தகம் மட்டும் கொடுத்தால் அது பெட்டிக்குள்தான் போகும். போனில் கேட்கும்படி சுவிசேஷங்களைப் பதிவு செய்து, கூடவே எழுத்து கற்றுக்கொடுக்கும் சிறு புத்தகமும் போட வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். நம் காணிக்கை இனி இந்த இரண்டுக்கும் மட்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன், ஆதரியுங்கள். காணிக்கை உறைகள் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன, வேதாகம ஞாயிறுக்கு முன்பே தந்துவிட்டால் மொத்தமாக அனுப்ப வசதியாக இருக்கும்.