அம்மாவுக்கு, இங்கிலாந்திலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். "அந்த நோய் ஒனக்கும் ஒட்டிக்கிருமாடி? பொண்ணு பாக்க வர்றவுக கேக்குறாக" என்றாய். கேன்சர் யாருக்கும் ஒட்டாது. தரகரிடமும் அப்படியே சொல். ஆனால் கேன்சர் வார்டில் நாங்கள் ஏற்றுகிற கீமோ மருந்து மேலே படக் கூடாது. கீமோ பையைத் தொட இரண்டு கையுறை, நீளக் கை அங்கி. மருந்து ஏறி 48 மணி நேரம்வரை நோயாளியின் சிறுநீரையும் அப்படித்தான் எடுப்போம். கடல்பாசி எடுக்கப் போகும்போது பாறை கிழிக்காமலிருக்க நீ விரலுக்கெல்லாம் துணி சுற்றுவாயே, அது மாதிரி.

வின்கிரிஸ்டின் என்று ஒரு மருந்து. எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? நம் கல்லறைச் சுவரோரம் ஆடுகூடக் கடிக்காமல் கிடக்குமே, நீ சுடுகாட்டு மல்லி என்பாயே, அந்த நித்தியகல்யாணியிலிருந்து. அதை ரத்தக் குழாயில்தான் ஏற்ற வேண்டும். தவறி முதுகுத்தண்டில் போட்டால் உயிர் போய்விடும். ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தாலோ சதை புண்ணாகிவிடும். அதனால் பெயர், பிறந்த தேதி, அளவு எல்லாம் இரண்டு நர்ஸ் சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்போம்.

போன மாதம் அப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு பாட்டிக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தாண்டியிருந்தது. கீமோவில் வெள்ளையணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போட்டாக வேண்டும். ஓடிப்போய் அதைப் போட்டுவிட்டு வந்து பையை எடுத்தேன். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கையில் இருப்பது பக்கத்துக் கட்டில்காரருடைய பை. ஏற்றவில்லை அம்மா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி முழுக்க என் கை நடுங்கியது. நடந்ததை நானே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஆறு பேர் இருக்க வேண்டிய வார்டில் நான்கு பேர்தான் இருந்தோம் என்பதையும் எழுதினேன். என் தவறைப் பற்றி இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார்கள். ஆள் குறைவைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை.

ஒரு தாத்தா இருந்தார், வட கடலில் விசைப்படகு ஓட்டியவர். என் ஊர் பாம்பன் என்றதும் அங்கே கடல்மேல் இருக்கிற ரயில் பாலத்தைக் காட்டச் சொன்னார். 1914இல் திறந்த பழைய பாலம் கப்பலுக்காக இரண்டு கையைத் தூக்குவது மாதிரித் திறந்தது, புதுசு அப்படியே மேலே ஏறும் என்று போனில் காட்டினேன். கப்பல் போகிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். போன செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு அதே கட்டிலில் வேறு ஒருவர். நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரியாது. எனக்குக் கிடைத்தது துணி அடுக்குகிற அறையில் ஐந்து நிமிடம். பன்னிரண்டரை மணி நேர டூட்டியில் அதுவே பெரிது என்றாள் கூட இருந்த மலையாளப் பெண். முதலில் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் அவள் முகமும் வீங்கித்தான் இருந்தது.

இதனால்தான் வீடியோ காலில் முகம் வாடியிருந்தது. சாப்பாடெல்லாம் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தால் அண்ணனும் கரையில் இருப்பான். அப்போது மூன்று வாரம் லீவு கேட்டிருக்கிறேன். நெத்திலிக் கருவாடு எடுத்து வை. பெண் பார்க்க யாரையும் வரச் சொல்லாதே. முதல் நாலு நாள் என்னை எழுப்பாதே.

உன் மகள்