தொலைபேசியின் அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு

புற்றுநோயாளருக்கும் குடும்பத்தாருக்கும் தகவல் சொல்லும் பிரித்தானிய அமைப்பான பேக்கப்பின் (BACUP) உதவித் தொலைபேசியில் அன்று பதில் சொன்னவர்களுக்கும், இன்று மக்மிலன் (Macmillan) புற்றுநோய்த் தொண்டு அமைப்பில் அதே வேலையைத் தொடர்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவரின் முகத்தைக்கூட நான் கண்டதில்லை. அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்த காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு எத்தனையோ அழைப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் வேறு வேறு தாதியர் எடுத்தார்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதல் நன்றி டாக்டர் விக்கி கிளெமென்ட்-ஜோன்ஸுக்கு. லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் வைத்தியராகவும் ஆய்வாளராகவும் இருந்தவர். 1982இல் அவருக்கே சூலகப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. வயது முப்பதுகளின் தொடக்கம். கட்டிலில் படுத்த பிறகுதான், ஒரு நோயாளிக்கு எவ்வளவு விஷயம் சொல்லப்படாமலே போகிறது என்பது அந்த வைத்தியருக்குப் புரிந்தது. அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1970களின் நடுவிலேயே இப்படியொரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கியிருந்தது. இங்கேயும் அது வேண்டும் என்று, தன் உடம்பு அந்தப் பாடுபட்ட நேரத்திலேயே அவர் 1984இல் பேக்கப் அமைப்பை உருவாக்கினார். 1985 ஒக்டோபரில் தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியது. இரண்டு வருடம் ஆவதற்குள், 38 வயதில், அவர் போய்விட்டார்.

அவருடன் நின்ற டாக்டர் மோரிஸ் ஸ்லெவின் போன்ற புற்றுநோய் வைத்தியர்களுக்கும் நன்றி. நீங்கள் எல்லோரும் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது, தொலைபேசியில் யாரை உட்கார வைத்தீர்கள் என்பதுதான். புற்றுநோயாளரைப் பராமரித்துப் பழகிய தாதியர் அங்கே இருந்தார்கள். எழுதிவைத்ததைப் பார்த்து ஒப்புவிக்கிற குரல் இல்லை அது.

எங்கள் கதை 90களின் நடுப்பகுதி. வீட்டில் இணையம் கிடையாது. ஆஸ்பத்திரியில் பெரிய வைத்தியர் அத்தானைப் பார்த்தே பேசினார், ஐந்து நிமிடத்தில் எழுந்து போனார். எங்கள் வீடுகளிலும் இந்த வருத்தம் என்றால் ஊருக்கெல்லாம் தெரியும், நோயாளிக்கு மட்டும் பாதிதான் தெரியும். ஒருநாள் எல்லோரும் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அக்கா தானே உங்களுக்கு எடுத்திருக்கிறார். "வைத்தியர் இதுவரை உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்? உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?" என்று அந்தத் தாதி கேட்டாராம். அக்காவிடம் அதை யாரும் அதுவரை கேட்டதே இல்லை.

அப்புறம் அக்கா கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். முடி எப்போது கொட்டும்? திரும்ப வளருமா? பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்கலாமா? முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையில் கொட்டத் தொடங்கலாம், பெரும்பாலும் திரும்ப வளரும், பிள்ளைகளைத் தாராளமாக அணைக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. எந்தச் சிகிச்சையை எடுக்க வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதற்கு வைத்தியரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அக்கா அதையெல்லாம் கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டார். பெரிய வைத்தியரும் இருந்து பதில் சொன்னார்.

இன்னொன்றையும் அந்தத் தாதி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வீட்டில் தெர்மோமீட்டர் வைத்திருங்கள், 38 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு எடுங்கள் என்று. இரண்டாவது கீமோ முடிந்து ஒருநாள் இரவு 38.4 காட்டியது. பனடோல் போட்டுப் படுக்கிற வழக்கம்தான் எங்களுக்கு. அன்றைக்கு அக்காதான் விடவில்லை. போய்ப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து கிருமித்தொற்று. இரவோடிரவாக நாளத்தில் மருந்து ஏற்றினார்கள். அக்காவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீங்கள் தபாலில் இலவசமாக அனுப்பிய கையேடுகளை அத்தான் இரவில் அகராதியுடன் இருந்து படித்தார். அதன் பிறகுதான் அவரும் அக்காவும் இதைப் பற்றி ஒருவரோடொருவர் கதைக்கத் தொடங்கினார்கள். அவற்றை எழுதியவர்களுக்கும், வரி வரியாகச் சரிபார்த்த வைத்தியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

2008இல் உங்கள் அமைப்பு மக்மிலனுடன் இணைந்தது. தகப்பனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டக்ளஸ் மக்மிலன் 1911இல் தொடங்கியது அது. பெயர் மாறினாலும் சேவை நிற்கவில்லை. காசு சேர்த்துக் கொடுத்து அதை நிற்காமல் வைத்திருக்கிற எல்லோருக்கும், மக்மிலனுக்குக் காசு சேர்க்க ‘கோப்பிக் காலை’ (Coffee Morning) என்ற ஒன்றுகூடலை நடத்திக் கேக் விற்கிற அயலவர்களுக்கும், நன்றி.

இதைப் படிக்கிற தமிழ்க் குடும்பங்களுக்காக, பிரித்தானியாவில் இருப்பவர்கள் இலவசமாக எடுக்கக்கூடிய மக்மிலன் எண்ணைத் தருகிறேன்: 0808 808 00 00. ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஒழுங்கு செய்து தருவார்கள். நோயாளியையே பேசவிடுங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
லண்டனிலிருந்து ஒரு தம்பி