நிமிடத்துக்கு 60 சொல்

அன்புத் தோழிக்கு,

பேத்தி பிறந்த செய்தி கண்டு மகிழ்ந்தேன். முழங்கால் வலிக்கு முதலில் மருத்துவரைப் போய்ப் பார். எண்ணெய் தேய்த்தே காலத்தைக் கடத்தாதே.

இந்த ஆண்டுக்கு என்ன கற்றல் இலக்கு வைப்பது என்பதுதான் எங்கள் பள்ளியில் கொஞ்ச நாளாகப் பேச்சு. ஐந்து வகுப்புகளுக்கும் நாங்கள் இருவர்தான். கற்றல் விளைவுகள் பட்டியல் மேலிருந்தே வந்துவிடுகிறது. ஆனால் அது நீளம். அதில் எதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வது என்பதை நாங்கள்தானே முடிவு செய்ய வேண்டும்?

என்னோடு பணிபுரியும் இளைஞர் 2021இல் வந்த நிபுண் பாரத் என்ற ஒன்றிய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டத்தின் இலக்கைக் காட்டினார். மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை பொருள் புரிந்து நிமிடத்துக்கு 60 சொற்களாவது வாசிக்க வேண்டுமாம். எந்த மொழியில் என்று கேட்டேன். ‘விளையாடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நம் கணக்கில் ஒரே சொல். இந்தியிலோ ஆங்கிலத்திலோ அதை நாலைந்து சொல்லாக உடைத்து எழுதுவார்கள். பிறகு 2022இல் என்.சி.இ.ஆர்.டி. என்ற தேசியக் கல்வி ஆராய்ச்சி அமைப்பு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 20 மொழிகளில் ஆய்வு நடத்தியபோது மொழிக்கு மொழி தனி அளவுகோல் வைத்தார்கள். அதுதான் நியாயம். நாங்கள் கடிகாரத்தை ஒதுக்கிவிட்டோம். முன்பு பார்த்திராத சிறு கதையைத் தானாக வாசித்து, என்ன நடந்தது என்று சொந்தச் சொற்களில் சொன்னால் போதும். இளைஞருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஓரக்கண்ணால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்!

கணக்கில் சண்டையே இல்லை. ‘முன்னூற்று ஐந்து’ என்றால் பாதி வகுப்பு 3005 என்று எழுதுகிறது. 300ஐ எழுதி அருகில் 5ஐ ஒட்டிவிடுகிறார்கள். இடமதிப்பு தேறாத பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைக் கொடுத்து என்ன பயன்? பருவம் முழுவதும் இடமதிப்பிலேயே நிற்கப் போகிறோம்.

எனக்கு உறுத்துவது வேறு. நம் மாநில அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், வயதைப் பாராமல் பிள்ளையின் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று அடியிலிருந்து மேலாக நிலைவாரியாகக் கற்பிக்கிறோம். முறை நல்லதுதான். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பையன் அரும்பு நிலையில் உட்காரும்போது பெயர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அவனுக்குச் சுடுகிறது. முன்பு செயல்வழிக் கற்றல் முறை நடந்தபோது, பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படத்தில் தன் படி எது என்று பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுக்கும், நினைவிருக்கிறதா? அதை மனத்தில் வைத்து, ஜூனில் ஒவ்வொரு பிள்ளையும் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டோம். மார்ச்சில் அங்கிருந்துதான் அளப்போம். அலுவலகம் கேட்கும் சதவீதம் தனியே போகட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட ஒரு பாட்டி, “ரேஷன் கடையிலிருந்து போனுக்கு வருகிற செய்தியை என் பேரன் எப்போது படித்துச் சொல்வான், டீச்சர்?” என்றார். பட்டியலில் எதுவும் இவ்வளவு தெளிவாக இல்லை. எழுத்து, எண், அளவு, விலை எல்லாம் அந்தச் செய்தியில் இருக்கின்றன. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கவும் முடியும். நான்காம் வகுப்புக்கு அதையே இலக்காக எழுதிக்கொண்டோம்.

உன் பள்ளியில் நான்காம் வகுப்பின் கழித்தலுக்கு எதுவரை வைத்திருக்கிறாய்? நான்கு இலக்கமா, மூன்றோடு நிறுத்திவிட்டாயா? காரணத்தோடு எழுது, எங்கள் இளைஞரிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி