இருக்கிற பணத்தையாவது கொடுங்கள்: வங்கி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வங்கி நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சரக்கைக் கொடுத்துவிட்டு அதற்குச் செக் வாங்கி வைத்திருக்கும் வியாபாரிகளில் ஒருவனாக இதை எழுதுகிறேன். செக் திரும்பினால் என்ன செய்வது என்று எங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நோட்டீஸ் அனுப்பு, வக்கீலைப் பார், கோர்ட்டுக்குப் போ. எல்லாம் சரிதான். ஆனால் பணம் கைக்கு வருமா வராதா என்பது பல சமயம் செக் உங்களிடம் இருக்கும் அந்த ஒரு நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

செக் தொகையில் பத்தில் ஒன்பது பங்கு கணக்கில் கிடக்கிறது, ஒரு பங்குதான் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளில் நடப்பது என்ன? 'போதிய பணம் இல்லை' என்று ஒரு மெமோவை வைத்து முழுச் செக்கையும் திருப்பிவிடுகிறீர்கள். மெமோ எங்கள் கைக்கு வருவதற்குள் செக் கொடுத்தவர் அந்த ஒன்பது பங்கையும் எடுத்துவிடலாம். இல்லையென்றால் வேறொருவரின் செக் வந்து அதைக் கொண்டுபோய்விடும். அப்புறம் அதே பணத்துக்காக நாங்கள் வருடக்கணக்கில் அலைய வேண்டும். போதாததற்கு, செக்கைப் போட்ட எங்களிடமும் ரிட்டர்ன் சார்ஜ் பிடிக்கும் வங்கிகள் உண்டு!

இருப்பதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதிக்கு மட்டும் மெமோ கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1931-ல் ஜெனீவாவில் வகுத்த செக்குகளுக்கான பொதுச் சட்டத்திலேயே, வங்கி ஒரு பகுதியைக் கொடுத்தால் செக் வைத்திருப்பவர் அதை மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் அதை வங்கியின் கடமையாகவே ஆக்கிவிட்டது. 2022 ஜனவரி 2 முதல் அங்கே, செக் வைத்திருப்பவர் வேண்டாம் என்று சொன்னால் தவிர, கணக்கில் உள்ள தொகையை வங்கி கொடுத்தாக வேண்டும். கொடுத்ததைச் செக்கின் பின்புறம் குறித்துத் தர வேண்டும். மீதிக்கு அந்தச் செக்கையே நேராக, தீர்ப்புகளை நிறைவேற்றி வைக்கும் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம். கூடவே, பணம் போதவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதையும் விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றே கணக்கை மூடுவது போன்ற மோசடிகளுக்குத்தான் தண்டனை. எனக்கு இதில் வருத்தமில்லை. பாக்கிக்காரர் உள்ளே போனால் என் ஆத்திரம் தீரலாம், கல்லாவில் ஒன்றும் விழாது.

சிறையைக் காட்டி வசூலிக்க நினைத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்தியாவைப் பாருங்கள். 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, பணம் இல்லாமல் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-வது பிரிவு (மாற்றுமுறை ஆவணச் சட்டம்). மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். தண்டனை, இப்போது இரண்டு வருடம் வரை சிறை அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். பார்க்க விறைப்பான சட்டம்தான். ஆனால் 2019 முடிவில் நிலுவையில் இருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள் என்று உச்ச நீதிமன்றமே 2021-ல் குறிப்பிட்டது. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லலாம் என்று 2018-ல் ஒரு திருத்தமும் கொண்டுவந்தார்கள். அந்த 20 சதவீதத்தைக் கோர்ட் ஏறி வாங்குவதைவிட, முதல் நாளே கணக்கில் கிடந்ததை வாங்குவது எவ்வளவு சுலபம்!

பிரான்ஸ் வேறு வழியில் போகிறது. 30 நாளில் பணம் வரவில்லை என்றால் வங்கியே அதற்கு ஒரு சான்றிதழ் தருகிறது. அதை நீதிமன்ற அலுவலர் மூலம் பாக்கிக்காரரிடம் சேர்த்து, 15 நாளில் அவர் கட்டாவிட்டால், வழக்கு போடாமலே வசூல் நடவடிக்கையில் இறங்கலாம். செக் திரும்பிய ஆள் பாக்கியைத் தீர்க்கும்வரை, அதிகபட்சம் 5 வருடம், வேறு செக் எழுதவும் முடியாது. வங்கிக்கும் வசூலுக்கும் சம்பந்தமில்லை என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

வாடிக்கையாளர் முழுத் தொகைக்குத்தானே கையெழுத்துப் போட்டார், ஒரு பகுதியை எப்படிக் கொடுப்பது என்று நீங்கள் கேட்கலாம். அதைவிட அதிகமாகக் கொடுக்கவே எழுதிக் கொடுத்துவிட்டாரே! பகுதிப் பணம் வாங்கினால் மீதிக்கான வழக்கு பலவீனமாகிவிடும் என்ற பயம் எங்கள் பக்கமும் உண்டு. வந்த தொகையைச் செக்கிலேயே குறித்துக்கொண்டு மீதிக்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாக்கியிருக்கிறது. வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லட்டும், செக் போடும் சீட்டில் அதற்கு ஒரு கட்டம் இருந்தால் போதும்.

உங்கள் நாட்டில் இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும் என்றால், அதையும் நீங்களே கேளுங்கள். நாங்கள் தனித்தனியாக எழுதும் மனுவை விட, வங்கிகள் சேர்ந்து எழுதும் ஒரு கடிதத்தை மத்திய வங்கி சீக்கிரம் பிரித்துப் படிக்கும்.

இப்படிக்கு,
செக் வாங்கும் வியாபாரி ஒருவன்