கடைசிப் பந்திக்காரர்களின் சாப்பாட்டு டப்பா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள், காசும் மிச்சம், வயிற்றுக்கும் நல்லது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த யோசனைகளில் முக்கால்வாசி, ஒரு மணி அடித்ததும் எழுந்துபோய்ச் சூடுபண்ணிச் சாப்பிடக்கூடிய ஆபீஸ்காரர்களுக்குத்தான் சரிப்படும். திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து என்.எஸ்.பி. ரோடு வரைக்கும் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று நாள் முழுக்க வேலை பார்க்கிற எங்கள் கதை வேறு.

கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட முடியாது, முறை வைத்துத்தான் அனுப்புவார்கள். முதல் பந்தி பன்னிரண்டரைக்கு, கடைசிப் பந்தி மூன்று மணிக்கு. முகூர்த்த நாள், ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரம் என்றால் மூன்றரைகூட ஆகும். காலையில் ஏழரைக்கு மூடிய டப்பா எட்டு மணி நேரம் மாடிப்படிக்குக் கீழே, காற்றே இல்லாத மூலையில் பைகளோடு பையாகக் கிடக்கும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் குழைந்த சாம்பார் சாதமும் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திறந்தாலே ஒரு வாடை வரும். இரண்டு தடவை அப்படிக் கொட்டிவிட்டால் மூன்றாவது நாள் யாருக்கும் டப்பா தூக்க மனசு வராது. அப்புறம் டீயும் பன்னும், இல்லையென்றால் ஓட்டல். இன்றைக்கு ஒரு சாப்பாடு நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 26 நாளுக்கு 2,600 ரூபாய் ஆகிறது. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சம்பளக்காரர்கள் அதைக் கொடுத்துச் சாப்பிட முடியுமா? அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று கிடைப்பது பெரிய உதவிதான், ஆனால் கடைசிப் பந்திக்காரர்கள் போய்ச் சேருவதற்குள் அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும்.

அதனால் வீட்டுச் சாப்பாட்டை அப்படியே டப்பாவில் அடைப்பதை விட்டுவிட்டு, மூன்று மணிக்குச் சாப்பிடப் போகிறோம் என்று நினைத்துச் சமைக்க வேண்டும். நம் பாட்டிமார் கட்டுச்சோறு கட்டியபோது இதைத்தான் செய்தார்கள், புளி, எள், நல்லெண்ணெய் எல்லாம் சும்மா சேர்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிப் புளிக்காய்ச்சல் செய்துவிட்டால் அந்த வாரமே தாங்கும். புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்க விட்டு, கடைசியில் வறுத்த வெந்தயமும் எள்ளும் பொடித்துப் போட வேண்டும். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டில், ஈரமில்லாத கரண்டி, இதில் மட்டும் கறாராக இருங்கள். வேர்க்கடலையை மொத்தமாக அதில் போட்டுவிடாதீர்கள், நமத்துப்போகும், அன்றன்றைக்குக் காலையில் சாதத்தோடு கலந்துகொண்டால் மதியமும் கடக்கென்று இருக்கும்.

சாதத்தையும் சொல்ல வேண்டும். ரேஷனில் இலவசமாக வருகிற புழுங்கல் அரிசியை இளக்காரமாகப் பேசுகிறோம். நன்றாகக் கழுவி, ஊறவைத்து, குக்கரில் வைக்காமல் வடித்துப் பாருங்கள், கலந்த சாதத்துக்கு அதைவிடத் தோதான அரிசி இல்லை, உதிரி உதிரியாக நிற்கும். வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிட்ட பிறகுதான் கலக்க வேண்டும். சூட்டோடு அள்ளி மூடினால் மூடியில் ஆவி வேர்த்துத் தண்ணீராகச் சொட்டும், பாதிச் சாப்பாடு கெடுவது அதனால்தான். எலுமிச்சை சாதம் என்றால் அடுப்பை அணைத்த பிறகு சாற்றைப் பிழியுங்கள், கொதித்தால் கசக்கும்.

பச்சரிசியை நான் தயிர் சாதத்துக்கு வைத்துக்கொள்வேன். குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, கைபொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் காய்ச்சி ஆறிய பாலைத் தளரத் தளர விட்டு, தயிர் ஒரே ஒரு ஸ்பூன், உப்பு, அவ்வளவுதான். காலையில் பால் சாதம் மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்று மணிக்குத் திறந்தால் பாலெல்லாம் தயிராகி, புளிக்காமல், அப்போதுதான் பிசைந்த மாதிரி இருக்கும். முதல் பந்திக்காரர்கள் தயிரை இன்னொரு ஸ்பூன் கூட்டிக்கொள்ளலாம். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மாங்காய்க் காலத்தில் பொடியாக நறுக்கி மேலே போட்டால் சின்னப் பெண்கள்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார்கள்.

வெறும் சாதமாகவே சாப்பிட்டால் சாயங்காலம் கால் நிற்காது, பயறு அல்லது முட்டை ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். இரவே ஊறப்போட்ட தட்டைப்பயறு, கொள்ளு, மூக்கடலை, இதில் எதுவானாலும் தேங்காய் போடாமல் சுண்டலாகத் தாளித்தால் போதும், தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலைப் பொடி தூவலாம். முட்டையை வேகவைத்து ஓட்டோடு கொண்டுபோய் அங்கே உரித்துக்கொள்ளலாம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு வருகிறது, அதில் ஒரு பங்கை மிளகாய், பூண்டோடு வறுத்துப் பருப்புப்பொடி திரித்து வைத்துவிட்டால் எழுந்திருக்க முடியாத நாளுக்கு ஆகும். எங்கள் கடையில் நாங்கள் நாலைந்து பேர் பேசிவைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாள் பொரியல் கூடுதலாகக் கொண்டுவருகிறோம். வாழைக்காய் வறுவல் ஒருத்தர், சேனை ஒருத்தர். தினமும் ஒருத்தரே இரண்டு வகை செய்ய வேண்டாம், வாய்க்கும் சலிக்காது. தென்னூர் உழவர் சந்தைக்குப் பக்கத்தில் இருப்பவர் எல்லோருக்குமாகக் காய் வாங்கி வந்துவிடுகிறார்.

இன்னொன்று. நாலரை மணிக்கு எழுந்து இதையெல்லாம் செய்வது வீட்டில் ஒரே ஆள் என்றால் எந்த யோசனையும் ஒரு மாதம் தாண்டாது. டப்பா எடுத்துப்போகிற அண்ணன், தம்பி, கணவர் எல்லோரும் இரவில் பயறு ஊறப்போடட்டும், காலையில் சோறு வடிக்கட்டும்.

சரி, இவ்வளவும் செய்து கொண்டுபோனால் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் குடோனில் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி சாப்பிட்டிருக்கிறோம். கைகழுவத் தண்ணீர் ஒரு மாடி கீழே. நாலு வாய் வைப்பதற்குள் கஸ்டமர் வந்துவிட்டார் என்று மைக்கில் கூப்பிடுவார்கள். மீன் குழம்பு கொண்டுவரக் கூடாது, மூட்டையில் வாடை ஏறும் என்பார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான், மூட்டைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் வாடை ஏறத்தானே செய்யும்?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 150 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் தொழிலாளர்கள் கொண்டுவரும் சாப்பாட்டை வைத்துச் சாப்பிட, குடிதண்ணீரோடு அறை இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அது வந்த பிறகு பல கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது, நாங்கள் நன்றியோடு உட்காருகிறோம். சாப்பாட்டு அறைக்கும் அதேபோலத் தெளிவாக ஒரு விதி வேண்டும், தொழிலாளர் துறை அதிகாரிகள் ஸ்டூலைப் பார்க்க வரும்போது அதையும் பார்க்க வேண்டும். வணிகர் சங்கங்கள் நினைத்தால் சட்டத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒரு குழாய், சோப்பு, இரண்டு பெஞ்சு, டப்பாக்கள் வைக்கக் காற்றோட்டமான ஒரு அலமாரி, இடையில் கூப்பிடாத அரை மணி நேரம். மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தால்கூடப் போதும், மே மாதத்துக்கு ஒரு ஃபேன் மாட்டிவிட்டால்.

தங்கள் நிருபர்கள் இந்த ஆடி மாதத்தில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்குத் திருச்சிக் கடைவீதிக்கு வந்து, கடை ஊழியர்கள் எங்கெங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துணிக்கடை பில்லிங் ஊழியர்,
உறையூர், திருச்சி.